வலி நின்றால் பல் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

"சொத்தைப் பல் வலி தானாக நின்றுவிட்டால் பயமில்லை, வீக்கம் இருந்தால் சூடான ஒத்தடம் போதும்" என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தானதும்கூட.

பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். ஆனால் கிருமி அங்கேயே இருக்கும். வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். வலி இல்லாததால் நாமும் மறந்துவிடுவோம்.

அப்புறம் வீக்கம். ஈறில் சின்னக் கொப்புளம் என்றால் ஓரிரு நாளில் பல் மருத்துவரைப் பார்த்தால் சரி. ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால் கதையே வேறு. தாடையின் கீழ்ப்பகுதி கல் போல இறுகும், நாக்கு மேலே தள்ளப்படும், மூச்சுக்குழாய் அடைபடலாம். 1836-லேயே லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். இன்றும் இது உயிரைப் பறிக்கக்கூடியதுதான். சில மணி நேரத்திலேயே முற்றிவிடலாம்.

வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வடிகிறது, குரல் மாறுகிறது, வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவுகிறது, வீக்கத்தோடு காய்ச்சலும் இருக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108. சர்க்கரை நோயாளிகள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். சீழை வெளியேற்றாமல் ஆன்டிபயாடிக் மட்டும் தீர்வாகாது. பதிவிட்டவர் அந்த ஒத்தட வரியைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.