டிரிப் ஏத்துறதும் வைத்தியம்தான், அண்ணாச்சி

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. மூணு நாளா நம்ம நெல்லை குரூப் எல்லாத்துலயும் அதுதான் சுத்துது. "சாகக் கிடக்குற நாயை டேபிள்ல போட்டு மூணு மணி நேரமா டிரிப் மட்டும் ஏத்திக்கிட்டு இருக்காவ. ஆபரேஷன் பண்ண ஒரு டாக்டரும் வரல. அங்கன நிக்குற புள்ள போனை நோண்டிக்கிட்டு நிக்கு"ன்னு ஒரு அண்ணாச்சி பின்னால நின்னு பேசுறார். கீழே வந்த கமெண்ட்டை எல்லாம் உக்காந்து வாசிச்சேன். வாசிச்சிருக்கக் கூடாது. ராத்திரி தூக்கம் வரல.

நானும் அதே கால்நடை டாக்டர் வேலையைப் பார்க்கிற ஆள்ங்கிறதால சொல்றேன். அந்த மூணு மணி நேரமும் அந்த நாய்க்கு வைத்தியம் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. பாட்டில்ல தண்ணி சொட்டுறது வைத்தியமா உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

அந்த நாய்க்கு வந்தது கர்ப்பப்பையில சீழ். பெட்டை நாய் பருவத்துக்கு வந்து முடிஞ்சு, பெரும்பாலும் நாலுலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள வரும். அந்தச் சமயத்துல புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் கூடுதலா இருக்கும். கர்ப்பப்பையோட உள்சுவர் தடிச்சு நீர் சுரக்கும், பை சுருங்கி அதை வெளிய தள்ளாது. கீழேர்ந்து ஈ.கோலை கிருமி ஏறிப்போய் உக்கார அதைவிடத் தோதான இடம் இல்ல. பையோட வாய் திறந்திருந்தா சீழ் வடியும், ஈ மொய்க்கும், வீட்டுல கவனிச்சிருவாங்க. மூடியிருந்தா ஒரு சொட்டு வெளிய வராது. வயிறு மட்டும் உப்பும். சினையா இருக்குன்னு நினைச்சு பாலும் முட்டையும் கொடுத்துக்கிட்டு இருப்பாங்க.

கிருமியோட விஷம் சிறுநீரகத்துக்குப் போனதும், தண்ணியைத் தேக்கி வைக்கிற வேலை அங்க கெட்டுப்போகுது. நாய் குடம் குடமா குடிக்கும், நிக்காம மூத்திரம் போகும். அப்புறம் வாந்தி. குடிச்ச தண்ணியும் தங்காது. இந்த நிலைமையிலதான் நம்ம வாசலுக்கு வருது.

ஒரு 20 கிலோ நாய்னு வச்சுக்குவோம். தோலைத் தூக்கி விட்டா மெதுவா இறங்குது, ஈறு காய்ஞ்சு பிசுபிசுங்குது, கண்ணு உள்ள போயிருக்குன்னா உடல் எடையில எட்டு சதவீதம் நீர் வத்தியிருக்குன்னு கணக்கு. அப்படின்னா 1.6 லிட்டர். இதயம் நிமிஷத்துக்கு 180 தடவை அடிக்கும், ஆனா தொடை இடுக்குல விரலை வச்சா நாடி நூல் மாதிரிதான் தட்டும். ஈறை அமுக்கி விட்டா வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள சிவக்கணும். இதுக்கு மூணு, நாலு ஆகும்.

இந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தா என்ன ஆகும்? புரோபோஃபாலும் சரி, ஐசோஃப்ளுரேனும் சரி, ரத்தக் குழாயைத் தளர்த்தும், இதயம் அழுத்தித் தள்ளுற பலத்தைக் குறைக்கும். ஏற்கெனவே உள்ள ஓட ரத்தம் பத்தல. குழாயும் விரிஞ்சா பிரஷர் ஒரேயடியா சரியும். சிறுநீரகம்தான் முதல்ல கையை விரிக்கும். கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடியே நாய் போயிரும். அப்போ அதே அண்ணாச்சி "ஊசி போட்டுக் கொன்னுட்டாவ"ன்னு வீடியோ போட்டிருப்பார். அன்னைக்கு அவர் சொல்றது நியாயமாகவும் இருந்திருக்கும்.

அதனாலதான் டிரிப். கிலோவுக்கு 15லேர்ந்து 20 மில்லி ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்ங்கிற உப்புக் கரைசல்), 20 கிலோவுக்கு 300லேர்ந்து 400 மில்லி, கால் மணி நேரத்துல வேகமா ஏத்தணும். நிறுத்தி, நாடி, ஈறு, பிரஷர் எல்லாம் மறுபடி பார்க்கணும். பத்தலைன்னா இன்னொரு தடவை. மொத்தத்தையும் ஒரே மூச்சுல ஏத்த முடியாது, நுரையீரல்ல நீர் கோத்துக்கும். கூடவே ஆன்டிபயாட்டிக்கை நரம்புல கொடுக்கணும். சர்க்கரை இறங்கியிருக்கான்னு பார்க்கணும், கிருமி ரத்தத்துல பரவின நாய்க்கு அது சட்டுனு இறங்கும். மூத்திரக் குழாய் போட்டு பையில எவ்வளவு சேருதுன்னு அளக்கணும். மணிக்கு 20லேர்ந்து 40 மில்லியாவது வந்தாத்தான் சிறுநீரகம் பிழைச்சிருக்குன்னு அர்த்தம். அந்தக் கணக்கு தெரியணும்னா ஒரு மணி நேரமாவது காத்திருந்துதான் ஆகணும். அதுக்குக் குறுக்குவழி கிடையாது.

இப்போ அந்தப் புள்ள கையில இருந்த போன். வீடியோவை நிறுத்திப் பாருங்க. ஒரு கையில போன், இன்னொரு கை நாயோட தொடை இடுக்குல இருக்கு. 15 செகண்ட் நாடியை எண்ணி நாலால பெருக்குறா. அடுத்து டிரிப்பைப் பார்க்குறா. அந்த டிரிப் செட்டுல 20 சொட்டு சேர்ந்தா ஒரு மில்லி. மணிக்கு 200 மில்லி போகணும்னா நிமிஷத்துக்கு 67 சொட்டு. நாய் காலை மடக்கினா சொட்டு நின்னுரும், திரும்பவும் எண்ணணும். அதுக்கு ஸ்டாப்வாட்ச் போன்லதான் இருக்கு.

"டவுன்ல ஒரு கிளினிக்ல அரை மணி நேரத்துல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க"ன்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. எடுத்திருப்பாங்க. அது நல்லா ஓடியாடுற நாய்க்குப் பண்ற குடும்பக் கட்டுப்பாடு. ரெண்டும் வயித்தைத் திறந்து அதே பையை எடுக்குறதுதான், ஆனா ஒண்ணுல நாய் நடந்து வருது, இன்னொண்ணுல தூக்கிக்கிட்டு வர்றாங்க.

"காத்திருந்தாலும் சாகும்ல?" ஆமா, சாகும். நாள் கணக்குல தள்ளிப்போட்டா கண்டிப்பா சாகும். மண்ணீரல் வெடிச்சு ரத்தம் கொட்டுற நாயை இப்படி வச்சுக்கிட்டு இருக்க மாட்டோம், டிரிப் ஓட ஓடவே வயித்தைத் திறப்போம். எதுக்கு எத்தனை மணி நேரம்னு முடிவு பண்றதுதான் இந்தத் தொழில்ல கஷ்டமான வேலை. கத்தி பிடிக்கிறது அதைவிட லேசு.

"ஒருத்தரும் எங்களுக்கு விளக்கமா சொல்லல." இதை ஒத்துக்கிறேன். சொல்லியிருக்கணும்.

ஆனா ஒண்ணு கேக்கேன். மூணு மணி நேரத்துக்கு இவ்வளவு கோபம் வருதே, அதுக்கு முந்தின அஞ்சு நாள் யாரோட கணக்கு? சாப்பிடாம கிடந்த நாய்க்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரையை வாங்கிக் கொடுக்குறாங்க. நாய்க்கு அது வயித்துல புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். குட்டி போடக் கூடாதுன்னு ஹார்மோன் ஊசி போட்டுட்டு வர்றாங்க. சீழ் பிடிக்க அந்த ஊசியே வழி பண்ணிக் கொடுக்குது. காலையில "வெறும் வயித்தோட கொண்டாங்க"ன்னு சொன்னா, பாவமா இருக்குன்னு ரெண்டு இட்லியை ஊட்டிட்டு வர்றாங்க. மயக்கத்துல அந்த இட்லி மேல வந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆபரேஷன் நல்லா நடந்தும் நாய் நிமோனியாவுல போயிரும். "ஒரு தடவையாவது குட்டி போடட்டும்"னு ஆறேழு வருஷம் ஆபரேஷனைத் தள்ளிப்போடுறாங்க. ஒரு தடவை குட்டி போட்டா நாய்க்கு நல்லதுங்கிறதுக்கு மருத்துவத்துல ஆதாரமே இல்ல. நம்ம பக்கத்து வேட்டை நாய்களான கன்னி, சிப்பிப்பாறை வளர்க்கிறவங்ககிட்ட இந்தப் பேச்சை அதிகமா கேக்கலாம். அந்த ஒல்லி உடம்புல கொழுப்பே கிடையாது, டேபிள்ல சீக்கிரம் குளிர்ந்துபோகும். தயோபென்டோன் மாதிரி மயக்க மருந்து கொடுத்தா தெளியவும் நேரம் ஆகும். அதுங்களை நோய் முத்தின பிறகு மயக்கத்துக்குக் கொண்டு வர்றது இன்னும் பயம்.

அடுத்து என்னை ரொம்ப வருத்தப்பட வச்ச கமெண்ட். "பசங்க வெட்டிப் பழக எங்க நாய்தான் கிடைச்சுதா?"

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். தொப்புள்லேர்ந்து கீழே நடுக்கோட்டுல திறக்குறோம். கர்ப்பப்பை ரெண்டாப் பிரியுற கொம்பு ரெண்டும் வீங்கி, புடலங்காய் ரெண்டு பின்னிக்கிடக்குற மாதிரி கிடக்கும். பெரிய நாய்னா ரெண்டு கிலோகூட இருக்கும். சாதாரண ஆபரேஷன் மாதிரி கொக்கி போட்டு இழுக்க முடியாது. சுவர் நனைஞ்ச அப்பளம் மாதிரி இருக்கும், இழுத்தா கிழியும், சீழ் வயித்துக்குள்ள கொட்டும். அதனால திறப்பைப் பெருசாக்கி, ரெண்டு உள்ளங்கையையும் அடியில கொடுத்து, பிள்ளையைத் தூக்குற மாதிரி வெளிய எடுக்கணும். சுத்தி ஈர மாப் (ஒத்தி எடுக்கிற துணி) வைக்கணும். அப்புறம் ஓவரி, அதாவது சினைப்பையோட காம்பு. வலது பக்கத்து ஓவரி கிட்னியை ஒட்டி ஆழத்துல இருக்கும். மூணு கிளாம்ப் போட்டு, வைக்ரில் நூலால ரெண்டு கட்டு கட்டி, வெட்டினதும் காம்பை உடனே உள்ள விடாம ஃபோர்செப்ஸ்ல பிடிச்சுக்கிட்டு ரத்தம் கசியுதான்னு பார்க்கணும். முடிச்சு வழுகிடுச்சுன்னா குழியில ரத்தம் நிறையும், காம்பு எங்க போச்சுன்னே தெரியாது.

இந்த முடிச்சைப் புதுசா வந்த பிள்ளைங்க கையில யாரும் கொடுக்கிறது இல்ல. அவங்க பிடிப்பாங்க, மாப் எண்ணுவாங்க. உள்ள போனது எத்தனை, வெளிய வந்தது எத்தனைன்னு எண்ணி முடிக்காம வயித்தை மூட விடமாட்டோம். வெதுவெதுப்பான சலைன் எடுத்துக் கொடுப்பாங்க. தேறின பிறகு, பக்கத்துல நாங்க நிக்க, தோல் தையல் போடுவாங்க. அஞ்சரை வருஷப் படிப்புல கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்பே இதுக்குத்தான். 1903ல சென்னையில கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கின காலத்துலேர்ந்து கை மாறிக் கை மாறித்தான் இந்த வேலை வந்திருக்கு. நீங்க மெச்சுற அந்த டவுன் டாக்டரும் ஒரு காலத்துல யாரோ ஒருத்தர் பக்கத்துல நின்னு மாப் எண்ணினவர்தான்.

அந்த நாயை மூன்றரை மணிக்குத் தியேட்டருக்குக் கொண்டுபோனாங்க. நேத்து காலையில ரெண்டு கை தயிர்சாதம் சாப்பிட்டுச்சு. அது செத்துப்போயிருந்தாலும் இதே பதிவைத்தான் எழுதியிருப்பேன். சிலது எல்லாம் சரியாப் பண்ணியும் போயிரும்.

வீடியோவை எடுங்கன்னு கேக்கல அண்ணாச்சி. அதுல அந்தப் புள்ள முகம் தெளிவாத் தெரியுது. வீட்டுல அம்மா பார்த்துட்டு "என்னட்டி பண்ணின?"ன்னு கேட்டிருக்காங்க. அவ அன்னைக்கு மதியம் சாப்பிடல. சார்ட்ல பதினோரு மணியிலேர்ந்து மூன்றரை மணி வரைக்கும், கால் மணிக்கு ஒரு தடவை, நாடியும் சொட்டும் மூத்திர அளவும் அவ கையெழுத்துல இருக்கு. அவ முகத்தை மட்டுமாவது மறைச்சிருங்க.