மாத்திரையை எண்ணினால் போதுமா?

"எப்போதும் அசதியாக இருக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் அதை யாரும் நோயாகக் காதில் வாங்குவதில்லை. ரத்தசோகை ஏழை நாடுகளில் இவ்வளவு காலம் ஒளிந்து வாழ்வதற்கு இந்த அலட்சியமும் காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 40 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. இந்தியாவில் 1970 முதலே இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. ஆனாலும் 2015-16இல் 53 சதவீதமாக இருந்த பெண்களின் ரத்தசோகை, 2019-21 கணக்கெடுப்பில் 57 சதவீதமாகக் கூடியது.

உடனே பழி பெண்கள்மேல் விழுகிறது: "மாத்திரை கொடுத்தால் விழுங்குவதில்லை." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. குமட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள் யார்? சொல்லாமல் கொடுத்தால் பயந்து நிறுத்தத்தான் செய்வார்கள்.

விழுங்கினாலும் எல்லாருக்கும் பலன் கிடைத்துவிடாது. கொக்கிப்புழு குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். கழிப்பறை இல்லாத இடத்தில் வெறுங்காலோடு நடப்பவருக்கு, குடற்புழு நீக்க மருந்து கொடுத்தாலும் அது திரும்ப வரும். மலேரியா சிவப்பணுக்களையே உடைக்கும். தொற்றும் அழற்சியும் நீடித்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, குடல் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுத்துவிடும். தலசீமியா என்ற ரத்தக் கோளாறு பரம்பரையாக வருவது. அதற்கு இரும்பு மருந்தே அல்ல. மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகிறதா என்ற எளிய கேள்வியைக்கூடப் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

காரணம் பார்க்காமல் கொடுப்பது ஆபத்தாகவும் முடியலாம். தான்சானியாவின், மலேரியா மிகுந்த பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்து பெற்ற குழந்தைகளிடையே கடும் நோயும் மரணமும் கூடியதால் அதைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அதன்பின்தான், மலேரியா உள்ள இடங்களில் அதன் தடுப்பும் சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கு அது அவசியம். ஹீமோகுளோபின் குறையக் குறைய, பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து கூடுகிறது என்பதை பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியா நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆண்டறிக்கைகளில் எத்தனை கோடி மாத்திரை கொடுத்தோம் என்று பெருமையாகப் போடுகிறார்கள். அதன் பக்கத்திலேயே, மறுபரிசோதனையில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் ஏறியது, ஏறாதவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் தேடினோம் என்ற இரண்டு எண்களையும் கட்டாயம் போடச் சொல்ல வேண்டும்.