ரோந்து வாகனத்தில் இடப்படும் துளைகள்

காவல்துறை ரோந்து வாகனங்களில் கூடுதல் கருவிகள் பொருத்துவதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதற்காக இடப்படும் துளைகளைப் பற்றிப் பேசவில்லை; பேசியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரக் காவல்துறை 2017 ஜூலையில் ஏறத்தாழ 400 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வாகனங்களைப் பணியிலிருந்து விலக்கியது. காவலர்கள் சிலர் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளானதே காரணம். கூடுதல் விளக்குகளுக்காகவும் வானொலிக் கம்பிகளுக்காகவும் பின்புறத்தில் துளையிட்டு அவற்றைச் சரியாக அடைக்காமல் விட்டால், கார்பன் மோனாக்சைடு கலந்த எஞ்சின் புகை உள்ளே புகக்கூடும் என்று அப்போது தெரிவித்த ஃபோர்டு நிறுவனம், அவற்றை அடைத்துத் தரவும், வேகத்தைத் திடீரெனக் கூட்டும்போது வெளிக்காற்று அதிகம் உள்ளே வருமாறு குளிர்சாதன அமைப்பைத் திருத்தித் தரவும் முன்வந்தது. மணமும் நிறமும் இல்லாத இந்த வாயுவை, தலைசுற்றும்வரை ஓட்டுநரால் உணர முடியாது என்பதே என்னைக் கலங்க வைக்கிறது. பொருத்துபவர் இட்ட ஒவ்வொரு துளையையும் பதிவேட்டில் குறித்து, அது அடைக்கப்பட்டதை வேறொருவர் சரிபார்த்த பிறகே வாகனத்தைச் சாலைக்கு அனுப்ப வேண்டும்.