எண் போட்டால் போதுமா?

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் நடந்தது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் தெரியும். எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை. மூன்று வருஷமாகக் கணிதத்தில் ஆசிரியர் போடும் அடைவுநிலை 5 (உச்சம் 6) வாங்கிய பிள்ளை, நான்காம் ஆண்டின் ஆண்டிறுதித் தேர்வில் பாதிக் கணக்கைக்கூடப் போடவில்லை. அம்மா எழுந்து நின்று அழுதார். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் "டீச்சர்மார் சோம்பேறிகள், யூபிஎஸ்ஆரைத் திரும்பக் கொண்டு வாங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். யூபிஎஸ்ஆர் என்பது ஆறாம் ஆண்டில் எழுதிய பொதுத் தேர்வு, 2021-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவள் நான். சொல்ல வருவது ஒன்றுதான். 1 முதல் 6 வரை ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் மதிப்பீடு முடிந்துவிடாது. பிள்ளைக்கு எங்கே பிடிபடவில்லை என்று கண்டுபிடித்தால்தான் அதற்குப் பெயர் மதிப்பீடு. அதைக் கண்டுபிடிக்கிற மாதிரி கேள்வி தயாரிக்க நம் ஆசிரியர்களுக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக் கொடுக்கவில்லை.

58-இல் 23, 67-இல் 45 என்று பத்துக் கழித்தல் கணக்கு கொடுங்கள். பத்தும் சரியாக வரும், 5 போட்டுவிடலாம். இப்போது 302-இல் 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 124 என்று வந்தால் சரி. 276 என்று எழுதினால்? அந்தப் பிள்ளை மேலே எது, கீழே எது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிக்கிறது. 134 என்று எழுதினால் அதற்குக் கடன் வாங்கத் தெரியும், ஆனால் நடுவில் இருக்கும் சுழியத்தைத் தாண்டி வாங்கும்போது அங்கே 9 மிஞ்சும் என்பது தெரியவில்லை. இருவருக்கும் நடத்த வேண்டிய பாடம் வேறு. நாமோ இரண்டுக்கும் சிவப்புப் பேனாவில் ஒரே தப்புக்குறி போட்டு நோட்டை மூடுகிறோம்.

நானும் அப்படித்தான் மூடினேன். மூன்றாம் ஆண்டில் ஒரு பையன், அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். அவன் நோட்டில் மாசக்கணக்காக "கவனம் தேவை" என்று எழுதி வந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து, "இதை எப்படிப்பா போட்ட?" என்று கேட்டேன். "பெருசுல இருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?" என்றான். முதலாம் ஆண்டில் நான் சொன்னதுதான். அவனுக்குக் கவனம் நிறையவே இருந்தது. நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் பிடித்து வைத்திருந்தான்.

இதை எனக்கு எந்தக் கோர்ஸும் சொல்லித் தரவில்லை. 2011-இல் பள்ளிசார் மதிப்பீடு, அதாவது ஆசிரியரே வகுப்பில் பிள்ளையை மதிப்பிடும் முறை, வந்தபோது ஒருவர் கோர்ஸுக்குப் போய் வந்தார். வந்தவர் கேன்டீனில் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஸ்லைடு காட்டினார். அவ்வளவுதான் பயிற்சி. அதில் முக்கால்வாசி எந்தப் பாரத்தில் எதை நிரப்புவது, கணினியில் எப்படி ஏற்றுவது என்பதுதான். பிள்ளையின் தப்பான விடையை எப்படிப் படிப்பது என்று ஒரு ஸ்லைடு கிடையாது. அப்புறம் நள்ளிரவு வரை உட்கார்ந்து எண் ஏற்றினோம். 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வே இல்லை என்றார்கள். நல்ல முடிவு, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் தேர்வை நீக்கிய இடத்தில் வைக்க வேண்டிய திறமையை ஆசிரியர் கையில் கொடுக்கவில்லை.

"யூபிஎஸ்ஆர் இருந்தால் உண்மை தெரிந்திருக்கும்" என்கிறீர்கள். எப்போது தெரிந்திருக்கும்? ஆறாம் ஆண்டின் கடைசியில், பன்னிரண்டு வயதில். கழித்தல் வரவில்லை என்று அப்போது தெரிந்து என்ன செய்வது? ஏழு பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வரும், பேனர் தொங்கும். கடைசி பெஞ்சுப் பிள்ளை எங்கே போனது என்று அன்றைக்கு யார் கேட்டீர்கள்? யூபிஎஸ்ஆர் தொடங்கியது 1988-இல். அதே 1988-இல் ரூத் பட்லர் என்பவரின் ஆய்வு வெளிவந்தது. குறிப்பு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாம் இன்னும் எண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் தம்பி அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு எழுதினான். தாளில் ஒரு எழுத்து வந்தது, அவ்வளவுதான். அம்மா விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர், அந்த எழுத்தை என்னிடம்தான் காட்டிக் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இடைநிலைப்பள்ளிக்கு முன் ஒரு வருஷம் மலாய் பழக வைக்கும் ரிமூவ் வகுப்போடு அவன் படிப்பு முடிந்தது. அவனுக்கு என்ன புரியவில்லை என்று இந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

"சம்பளம் வாங்குகிறார்களே" என்கிறவர்களுக்கு: வாங்குகிறார்கள். வேலை செய்யாத டீச்சரும் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் 150 பிள்ளைகளுக்குக் குறைவான தோட்டப் பள்ளியில் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு. தான் போட்ட 5 சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குப் பக்கத்து வகுப்பே இல்லை. அடுத்த பள்ளிக்கூடத்து டீச்சரோடு மாசம் ஒருமுறை நோட்டை மாற்றிப் பாருங்கள். ஒரே பக்கத்துக்கு ஒருவர் 3 போடுவார், இன்னொருவர் 5 போடுவார். ஏன் என்று இருவரும் பேச வேண்டும். கேள்வி கொடுப்பதற்கு முன்பே என்னென்ன தப்பு விடை வரும் என்று எழுதி வையுங்கள். நான்கு பேர், ஒரு மேசை, பிள்ளைகளின் நோட்டு. பயிற்சிக்கு இது போதும், ஹோட்டல் மண்டபம் வேண்டாம்.

அந்த அம்மாவிடம் நேற்று பேசினேன். சனிக்கிழமை காலையில் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருகிறேன் என்றார். வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவரும் வருகிறேன் என்றிருக்கிறார். 302-இல் 178 போகட்டும் என்றுதான் ஆரம்பிக்கப் போகிறேன்.