வாக்ளேயின் தலையை வெட்டாதீர்கள்

ஒரு பழைய தொடரை, அது எடுக்கப்பட்டபடியே, முழுதாக, வரிசையாக, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. இந்தக் காலத்தில் இது நடக்கிற காரியமாக இல்லை. சாப்பிட்டு முடித்து, டிவி முன்னால் உட்கார்ந்து, ரிமோட்டை எடுக்கிற ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதைக் கொட்டத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது 'வாக்ளே கி துனியா'வை. 1988-ல் தூர்தர்ஷனில் ஹிந்தியில் தொடங்கியதே, அது. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண் உருவாக்கிய பாத்திரங்கள், குந்தன் ஷா இயக்கம், துர்கா கோட்டே நிறுவனத்தின் தயாரிப்பு. அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் ஸ்ரீநிவாஸ் வாக்ளேயாக, பாரதி ஆச்ரேகர் அவர் மனைவி ராதிகாவாக. பம்பாயில் ஒரு குமாஸ்தா, ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு சின்ன வீடு. யாரும் யாரையும் கெடுக்கத் திட்டம் போடாத குடும்பம். தாத்தாவும் பேத்தியும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம், எந்தக் காட்சிக்கும் யாரும் எழுந்து போகவேண்டியதில்லை.

முதல் தொல்லை, அது கண்ணில் படுவதே இல்லை. இணையத்தில் பெயரைத் தட்டினால் 2021-ல் தொடங்கிய புதிய தொடர்தான் வரிசைகட்டி வந்து நிற்கிறது. அதே பெயர். அதிலும் அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேகரும் இருக்கிறார்கள், இப்போது பெரியவர்களாக. மகனாக சுமித் ராகவன். அந்தத் தொடர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஆனால் புதியதன் நூற்றுக்கணக்கான எபிசோடுகளுக்கு அடியில் பழையது புதைந்து கிடக்கிறது. '1988' என்று சேர்த்துத் தட்டினாலும், 'பழைய' என்று தட்டினாலும் அதே கதைதான். பக்கம் பக்கமாகத் தள்ளிப் போனால் எங்கேயோ ஒன்று தலைகாட்டும். எத்தனையாவது எபிசோட் என்று எண் இருக்காது. தேதி இருக்காது. 'சூப்பர் காமெடி' என்று தலைப்பு இருக்கும். இரண்டாம் பாகம் மட்டும் இருக்கும், முதல் பாகம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

சரி, கிடைத்ததைப் பார்ப்போம் என்று அழுத்தினால், வாக்ளேக்கு நெற்றி இல்லை.

இதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்து டிவிப் பெட்டியின் திரை நான்குக்கு மூன்று என்ற கணக்கில் இருந்தது. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டை சிலர் கண்ணை உறுத்துகிறதாம். அதனால் படத்தைப் பெரிதாக்கித் திரை முழுக்க நிரப்புகிறார்கள். நிரப்பினால் மேலும் கீழும் வெளியே போய்விடும். எவ்வளவு போகும்? சரியாகக் கால் பங்கு. நூற்றுக்கு இருபத்தைந்து. ஒரு இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் யோசித்து யோசித்துக் கட்டிய சட்டகத்தில் நாலில் ஒரு பாகத்தைக் கத்தரித்து வீசிவிட்டு, 'ஃபுல் ஸ்கிரீன்' என்று பெருமையாக எழுதி வைக்கிறார்கள். நாலில் மூன்றைக் காட்டிவிட்டு அதற்கு 'முழு' என்று பெயரா?

நகைச்சுவைத் தொடரில் இந்த வெட்டு என்ன செய்யும் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தார்களா? சிரிப்பு வசனத்தில் மட்டும் இல்லை. வாக்ளே பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கை என்ன செய்கிறது, ராதிகா எதிரே நின்று புருவத்தை எப்படித் தூக்குகிறார், மேஜைமேல் என்ன இருக்கிறது, வாசற்படியில் யார் செருப்பு கிடக்கிறது, இதிலெல்லாம் இருக்கிறது. கை கீழே போய்விட்டது. புருவம் மேலே போய்விட்டது. நடுவில் ஒரு மூக்கும் வாயும் பேசிக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது இன்னும் பெரிய இழப்பு. இதைச் சொல்லத்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த நாளில் இந்தத் தொடரைப் பார்த்த எத்தனை வீடுகளில் ஹிந்தி தெரியும்? பக்கத்து வீட்டில் பிரச்சார சபா பரீட்சை எழுதி மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று பாஸ் செய்த அக்கா ஒருத்தர் இருந்தால் அவர் நடுநடுவே சொல்வார். 'சம்பளம் வரலையாம்', 'ஊர்லேர்ந்து யாரோ வராங்களாம்'. அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. அந்த அக்கா வராத நாளில் அதுவும் கிடையாது. ஆனாலும் பார்த்தோம், சிரித்தோம். எதை வைத்து? முகத்தை வைத்து. உடம்பை வைத்து. மாதக் கடைசியில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிற ஒரு மனிதனைப் புரிந்துகொள்ள எந்தப் பரீட்சையும் எழுதவேண்டியதில்லை. எங்களுக்குப் படம்தான் வசனம். அந்தப் படத்தில் கால் பங்கை வெட்டினால், வசனம் புரிகிறவர்களுக்குக் கொஞ்சம் குறையும். எங்களுக்குக் கதையே போய்விடும்.

என் அம்மாவுக்கு இன்றும் ஹிந்தி வராது. வாக்ளேயைப் பார்த்தால் மட்டும் எல்லாம் புரியும். போன வாரம் ஒரு காட்சியில் ராதிகா எதற்காகக் கோபப்படுகிறார் என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கோபத்துக்கான காரணம் திரைக்குக் கீழே இருந்தது.

வெட்டாதவர்கள் இழுக்கிறார்கள். நான்குக்கு மூன்றைப் பக்கவாட்டில் இழுத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருமனாகிவிடுவார்கள். ஒல்லியான மனிதர் குண்டாகிவிடுகிறார், டம்ளர் கிண்ணமாகிவிடுகிறது. இன்னும் சிலர் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பி வைக்கிறார்கள், பதிப்புரிமை சோதனையில் மாட்டாமல் இருக்க. அப்போது பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடும். குரலின் வேகத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அஞ்சன் ஸ்ரீவாஸ்தவின் குரல் கீச்சுக்குரல் ஆகிவிடுகிறது. அந்தக் குரலின் தயக்கத்தில்தானே அந்த மனிதரே இருக்கிறார்!

இப்போது புதிதாக ஒரு வியாதி. 'ஏஐ மூலம் 4கே தரத்தில்' என்று போடுகிறார்கள். நம் எண்பதுகளின் தொடர்களில் பல வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டவை. அன்றைய இந்திய ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், அதில் கண்ணுக்குத் தெரிவது 576. 4கே என்றால் 2160. நடுவில் இருக்கிற அத்தனை கோடுகளும் எங்கிருந்து வரும்? இல்லாததை இயந்திரம் ஊகித்து வரைகிறது. அது வரைகிற முகத்தில் தோல் இல்லை, மெழுகு இருக்கிறது. சுருக்கம் போய்விட்டது, மீசையில் முடி போய்விட்டது. பின்னால் நிற்கிற ஆளுக்குக் கண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி'யை 1951-லேயே 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். அதனால் அந்த நெகட்டிவ்களிலிருந்து இன்றைக்கும் புதிதாக, தெளிவாகப் படம் எடுக்க முடிகிறது. டேப்பில் எடுத்ததற்கு அந்த வழி கிடையாது. டேப்பில் இருப்பதுதான் இருப்பு. கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், இருக்கட்டுமே. நாங்கள் அதை மங்கலாகத்தான் பார்த்தோம், ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி.

கை வீசினால் ஓரத்தில் சீப்புப் பல்போலக் கோடு கோடாகத் தெரிவது வேறு விஷயம், அதை முறையாகச் சரிசெய்ய வழி இருக்கிறது. தெரிந்து செய்கிறவர்கள் செய்யலாம். அதை யாரும் செய்வதில்லை. முகத்துக்கு மெழுகு பூச மட்டும் நேரம் இருக்கிறது.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போதும் விளம்பரம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாக்கியத்தின் நடுவே வந்து விழுந்ததில்லை. இப்போது வாக்ளே வாயைத் திறந்து பாதி வார்த்தை சொல்லும்போது யாரோ ஒருவர் வந்து கடன் வாங்கச் சொல்லிக் கத்துகிறார். திரும்பி வரும்போது சிரிப்பு ஆறிப்போயிருக்கும். தானாக எழுதப்படும் வசன வரிகளைப் போட்டுப் பார்த்தேன், தமிழில். வாக்ளே ஒன்று சொல்கிறார், கீழே சம்பந்தமே இல்லாமல் வேறொன்று ஓடுகிறது. ஹிந்தி தெரியாமல் பார்த்தபோது புரிந்த அளவுகூட அதை வைத்துக்கொண்டு புரியவில்லை. அம்மா அணைக்கச் சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி எறிவதில். பெயர்கள் ஓடுகிற அந்த நேரத்தில்தான் இசை வரும், சமையலறையில் இருக்கிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். அது வீட்டைக் கூப்பிடுகிற ஒலி. இப்போது அது போய்விட்டது. இசையோடு சேர்ந்து பெயர்களும் போய்விட்டன. குந்தன் ஷா 2017-ல் காலமானார், லட்சுமண் 2015-ல். தங்கள் வேலைக்குக் கீழே அவர்கள் போட்டுவிட்டுப் போன கையெழுத்து அந்தப் பெயர் வரிசை. அதைக் கத்தரித்துவிட்டு அந்த இடத்தில் தன் சேனல் பெயரைச் சுழல விடுகிறவருக்குக் கூச்சம் வேண்டாமா? லட்சுமணின் கார்ட்டூனில் வருகிற சாமானிய மனிதர் பல பத்தாண்டுகளாக ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய உலகத்திலிருந்து வந்த வாக்ளே வாய் திறந்து பேசினார், புலம்பினார், பயந்தார். அந்தத் தொடர்பே இன்று பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது, பெயரே இல்லாததால்.

ஷாருக் கான் ஒரு எபிசோடில் வந்தார், அவருடைய முதல் படமான 'தீவானா' வருவதற்குச் சில வருடங்கள் முன்னால். அந்தத் துண்டு மட்டும் எங்கே பார்த்தாலும் ஓடுகிறது. செங்குத்தாக, செல்போன் அளவுக்கு நறுக்கி, வாக்ளேயை வெளியே தள்ளிவிட்டு. வாக்ளே வீட்டு உலகத்தில் வாக்ளேக்கு இடம் இல்லை.

'இலவசமாகத்தானே கிடைக்கிறது, இதில் என்ன குறை?' என்று கேட்கிறவர்கள் உண்டு. காசு கொடுக்கத் தயாராக இருக்கிறேன். முழுத் தொடரையும் எண் போட்டு, வெட்டாமல், தமிழ் வசன வரிகளோடு ஒருவர் கொடுத்தால் இன்றைக்கே வாங்குவேன். இன்னும் சிலர், 'யார் பார்ப்பார்கள் இந்த மெதுவான கதையை?' என்கிறார்கள். 2020-ல் ஊரடங்கின்போது மார்ச் 28-ல் ராமாயணத்தை மறுபடி போட்டார்களே, நாடே உட்கார்ந்து பார்க்கவில்லையா? அதைத் தொடர்ந்து பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களையும் எடுத்துப் போட்டார்கள், 'தேக் பாய் தேக்' போல. பார்க்க ஆள் இருக்கிறது. பார்க்கிற மாதிரி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

வாக்ளேயாவது துண்டு துண்டாகக் கிடைக்கிறார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அங்கிருந்து வந்த செவ்வாய்க்கிழமை நாடகங்களைத் தேடிப் பாருங்கள். நம் மொழியில், நம் வீட்டுக் கூடத்தில், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தேவையில்லாமல் புரிந்த நாடகங்கள். அவற்றில் எத்தனை இன்று கைக்குக் கிடைக்கின்றன? இதைப் பேச ஆரம்பித்தால் தனியாக இன்னொரு பதிவு வேண்டும், வயிறு அவ்வளவு எரிகிறது.

நல்லவர்களையும் சொல்ல வேண்டும். தன் வீட்டு வீடியோ கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்ததை அப்படியே, ஓரத்தில் நெளிகிற கோட்டோடு, மூலையில் பழைய முத்திரையோடு, நடுவே வந்த அன்றைய அறிவிப்போடுகூட ஏற்றி வைக்கிற சிலர் இருக்கிறார்கள். பெரிய மனசுக்காரர்கள். அவர்கள் போட்டதில் வாக்ளேக்கு நெற்றி இருக்கிறது. ராதிகாவின் புருவம் இருக்கிறது. அம்மா ஒரு கேள்வி கேட்காமல் முழு எபிசோடையும் பார்த்துச் சிரித்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படிக் கேசட் இருந்தால் தயவுசெய்து இப்போதே கீழே இறக்குங்கள். ஈரக் காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், பிடித்ததை அப்படியே ஓட்டினால் டேப்பும் போகும், ஓட்டுகிற இயந்திரமும் கெடும். அதனால் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்தபிறகு மாற்றுங்கள். மாற்றும்போது பெரிதாக்க வேண்டாம், இழுக்க வேண்டாம், மெழுகு பூச வேண்டாம். இசையை வையுங்கள், பெயர்களை வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையைப் போட்டு விடுங்கள். ஏற்றுகிறபோது 1988 என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.