மூடிய கடைகளுக்கும் ஒரு தாய்ப்பத்திரம் வேண்டும்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. செங்கல் சுவர், முக்கோண முகப்பு, கூரைக்கு நடுவே வெள்ளை மரத்தில் ஒரு சின்ன மாடம், அதன் உச்சியில் காற்றடிக்கும் திசையைக் காட்டும் கருவி. மருந்து விற்க எதற்கு மாடம் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அப்புறம் பக்கத்து ஊரில் ஒரு டாலர் கடைமேல் அதே மாடத்தைப் பார்த்தேன். அடுத்த மாதம் இன்னொரு ஊரில், கார் உதிரிபாகக் கடைமேல். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது.

மூன்றுமே ஏ அண்ட் பி சூப்பர்மார்க்கெட்டாக இருந்தவை. 1859இல் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1930 வாக்கில் அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய 16,000 கடைகள் வைத்திருந்தது. நிறுவனத்தின் நூற்றாண்டையொட்டி இந்தப் பழங்காலக் காலனி பாணி முகப்பைக் கொண்டுவந்து, அறுபதுகள் முழுக்க ஊர் ஊராகக் கட்டித் தள்ளினார்கள். காரில் வேகமாகப் போகிறவருக்கும் தூரத்திலேயே "அதோ நம்ம கடை" என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த மாடம். 2010இல் ஒருமுறை திவால், 2015இல் மறுமுறை, அந்த வருடக் கடைசிக்குள் எல்லாம் முடிந்தது. கம்பெனி போய்விட்டது, மாடம் நிற்கிறது.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கட்டடத்தின் மூலத்தைத் தாராளமாகப் பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கோட்டைக்கும் கோயிலுக்கும் கல்வெட்டு உண்டு, ஆராய்ச்சியாளர்கள் உண்டு. வாராவாரம் ஒரு ஊரே கூடிய இடம், பிள்ளைகள் தரையில் உருண்டு பொம்மைக்கு அழுத இடம், பதினாறு வயதுப் பையன்கள் முதல் சம்பளம் வாங்கிய இடம், இவற்றுக்கு ஒரு வரிப் பதிவுகூட இல்லையென்றால் அது சரியில்லை.

பதிவு இல்லையா, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் இருக்குமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம்மூரில் நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டு, தாய்ப்பத்திரம்வரை பின்னோக்கிப் போவோமே, அதுபோல இங்கேயும் சொத்து ஆவணங்களைப் பார்க்கலாம், பல இடங்களில் இணையத்திலேயே கிடைக்கும். ஆனால் அதில் இருப்பது கட்டிய ஆண்டு, சதுர அடி, செங்கல்லா மரமா, உரிமையாளர் யார், இவ்வளவுதான். பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகள் குத்தகைக்கு இருந்தவை. முப்பது வருடம் ஒரு கடை ஓடியிருக்கும், பத்திரத்தில் அதன் பெயரே வராது, கட்டடத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் ஏதோ ஒரு எல்எல்சி கம்பெனியின் பெயர்தான் நிற்கும். ஆவணம் சொந்தக்காரனைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, குடியிருந்தவனை அல்ல.

அதனால் வேறு வழிகளில்தான் போக வேண்டும். கட்டடம் பழசு என்றால் சான்பார்ன் வரைபடங்கள் பெரிய புதையல். 1867இலிருந்து தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை, செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள், கடை என்றால் எஸ் என்ற ஒற்றை எழுத்து. அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் ஏராளமான தாள்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதற்குப் பிந்தைய காலத்துக்கு ஊர் டைரக்டரி, மஞ்சள் பக்கம், வான்வழிப் படங்கள். பழைய உள்ளூர் செய்தித்தாளில் திறப்பு விழா விளம்பரம் கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது, முழுப் பக்கத்தில் விலையோடு எல்லாம் போட்டிருப்பார்கள். 2007க்குப் பிறகு என்றால் கூகுள் தெருக்காட்சியில் ஆண்டைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கட்டடத்தையே படிப்பது. பெயர்ப்பலகையைக் கழற்றிய பிறகு, எழுத்துக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் வெயில் படாமல் நிறம் மங்காமல் இருக்கும். ஆர்வலர்கள் அதை லேபிள்ஸ்கார் என்கிறார்கள், நான் எழுத்துத் தழும்பு என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வெயில் சாய்வாக விழும்போது போய் நின்றால் பூசி மறைத்த தழும்பும் எழுந்து வரும், ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணியே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். உள்ளே போனால் தரையைப் பாருங்கள். அலமாரி நின்ற இடத்தில் தரை ஓடு ஒரு நிறம், ஆள் நடந்த இடத்தில் வேறு நிறம். உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையில் காரணமே இல்லாமல் ஒரு கழிவுநீர்ச் சல்லடை இருந்தால், அது இறைச்சி வெட்டிக் கழுவிய இடமாக இருந்திருக்கலாம்.

பொம்மைக் கடைகளைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது, ஏனென்றால் அவை குழந்தைகளுக்காகக் கட்டியவை. சில்ட்ரன்ஸ் பேலஸ் என்ற கடைகளுக்குக் கோட்டை மாதிரி முகப்பு, இரண்டு பக்கமும் கொத்தளம். 1992இல் எல்லாம் மூடினார்கள். என் முதல் வேலை ஒஹையோவில், தினமும் போகிற வழியில் கொத்தளம் வைத்த ஒரு சோஃபாக் கடை. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று யோசித்ததோடு சரி. நான் ஊர் மாறிய பிறகு அதை இடித்துவிட்டார்கள். நாலு வருடம் தினம் இரண்டு முறை கடந்துபோன கட்டடம், என்னிடம் ஒரு படம்கூட இல்லை. தெருக்காட்சியில் தேடிக் கடைசியில் ஒன்று கிடைத்தது, அதிலும் ஒரு லாரி குறுக்கே நிற்கிறது, இடது கொத்தளத்தின் மேல்பாதி மட்டும் தெரிகிறது. அந்தப் பாதியைத்தான் சேமித்து வைத்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

டாய்ஸ் ஆர் அஸ் என்ற பெரிய பொம்மைக் கடை நிறுவனத்தின் கதை பலருக்குத் தெரியும். ஆனால் அது சூப்பர்மார்க்கெட்டின் பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது. சார்லஸ் லாசரஸ் 1948இல் வாஷிங்டனில், தன் அப்பாவின் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை இருந்த இடத்தில், குழந்தைகளுக்கான கட்டில் தொட்டில் விற்கத் தொடங்கினார். பொம்மையும் கேட்கிறார்களே என்று அதையும் சேர்த்தார். சூப்பர்மார்க்கெட்டில் ஜனங்கள் தள்ளுவண்டியில் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வதைப் போலப் பொம்மையையும் விற்கலாம் என்று கண்டுகொண்டவர் அவர். 1957இல் மேரிலாந்தின் ராக்வில்லில் முதல் டாய்ஸ் ஆர் அஸ். ஜன்னல் இல்லாத பெரிய பெட்டி, வெளியே வானவில் நிறப் பட்டைகள், அந்தக் கட்டடங்கள்தான் பின்னால் நாடு முழுக்கப் பரவின. இப்போது அவற்றுக்குப் பழுப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள், கிட்டே போய்ப் பார்த்தால் பட்டையின் வரம்புகள் தெரியும்.

2005இல் முதலீட்டு நிறுவனங்கள் சில சேர்ந்து அந்தக் கம்பெனியைக் கடன் வாங்கி 660 கோடி டாலருக்கு வாங்கினார்கள், கடனைக் கம்பெனி தலையிலேயே கட்டினார்கள். 2017 செப்டம்பரில் திவால், 2018 ஜூன் கடைசியில் அமெரிக்காவில் கடைகள் மூடல். மூடப்போகிறோம் என்று அறிவித்த ஒரு வாரத்தில் லாசரஸ் இறந்துபோனார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அவர்கள் போராடிய பிறகுதான் அந்த முதலீட்டு நிறுவனங்களில் இரண்டு சேர்ந்து 2 கோடி டாலர் நிதி ஒதுக்கின. காலிக் கடைக்குள் நுழைந்து பேய்ப்பட இசையோடு வீடியோ போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அது பேய்வீடு இல்லை, ஒருவருடைய வேலை இருந்த இடம்.

இன்னொன்று. ஒரு கட்டடம் நமக்குத் தெரிந்த கடையோடுதான் தொடங்கியது என்று நினைக்கவே கூடாது. முதல் சூப்பர்மார்க்கெட் என்று பலரும் சொல்லும் கிங் கல்லனை மைக்கேல் கல்லன் 1930இல் நியூயார்க்கின் குவீன்ஸில் திறந்தது காலியாகக் கிடந்த ஒரு கார் கராஜில். இங்கே நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரத்தில் 1932இல் பிக் பேர் சூப்பர்மார்க்கெட் திறந்தது மூடிப்போன டூரண்ட் கார் தொழிற்சாலையில். பொருளாதார வீழ்ச்சியில் சும்மா கிடந்த கூடங்கள், வாடகை மலிவு, அதனால் அரிசி பருப்பும் மலிவாகத் தர முடிந்தது. பழைய கடைக்குள் புதிய கடை வருவது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை, சூப்பர்மார்க்கெட் பிறந்ததே அப்படித்தான்.

மறுவாழ்வு எப்போதும் தானாக நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதுகளின் கடைகள் இன்றைக்குச் சிறியவை, இப்போது சூப்பர்மார்க்கெட் என்றால் 40,000 சதுர அடிக்கு மேல் கேட்கிறார்கள். அதைவிட மோசம், சில நிறுவனங்கள் காலி செய்யும்போது இனி இந்த இடத்தில் வேறு மளிகைக் கடை வரக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிவிட்டுப் போகின்றன. கார் இல்லாத வயதானவர்கள் இருக்கும் பகுதியில் அப்படி எழுதுவது அநியாயம், வேறு சொல் இல்லை. மனசு வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு டெக்சஸின் மெக்காலன் நகரத்தைப் பாருங்கள். காலியான ஒரு வால்மார்ட்டை 2011இல் பொது நூலகமாக்கினார்கள், 1,24,500 சதுர அடி, ஒரே தளம்.

சரி, அந்த மருந்துக் கடைக்கு வருகிறேன். தமிழ்ச்சங்கப் பொங்கல் விழாவில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், 1971இல் இங்கே வந்தவர். பேச்சுவாக்கில் அந்த மாடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தம்பி, நான் காபிக்கொட்டை வாங்குன கடை அது" என்றார்.

"அங்கே காபிக்கொட்டையா ஐயா?"

"சிவப்புப் பையில வரும், எய்ட் ஓ கிளாக்னு பேரு. பணம் கட்டுற இடத்துலயே மெஷின் இருக்கும், கண்ணு முன்னாடி அரைச்சுத் தருவாங்க. வந்த முதல் வாரம், வெளியில பனி, உள்ளே நுழைஞ்சா அந்த வாசனை. எங்க அப்பா காபி அரைக்கிற சத்தமே காதுல கேட்டுச்சு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டேன்."

அடுத்த ஞாயிறு அவரை அங்கே கூட்டிப்போனேன். தானியங்கிக் கதவு திறந்ததும் நேராக நடந்து, வாழ்த்து அட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, கைத்தடியால் தரையைத் தொட்டுக் காட்டினார். எந்தப் பத்திரத்திலும் இல்லாத தகவல் அது. வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு எழுதி, தரைப் படத்தோடு எங்கள் ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, இதற்கென்று ஒரு கோப்பே திறக்கிறேன் என்றார்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சூப்பர்மார்க்கெட் இந்த மாதக் கடைசியில் மூடுகிறது. பாதி அலமாரி ஏற்கெனவே காலி. நேற்று பால் வாங்கப் போனபோது கல்லாவில் இருந்த பெண்மணியிடம், இங்கே எத்தனை வருடம் என்று கேட்டேன். இருபத்தாறு என்றார். உங்களிடம் கொஞ்சம் பேசி எழுதி வைத்துக்கொள்ளலாமா என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தவர், ரசீதின் பின்னால் தன் ஷிஃப்ட் முடியும் நேரத்தை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை இரண்டு மணி.