தாவரவியல் படித்தால் ஆசிரியர் வேலை மட்டும்தானா?

"தாவரவியல் எடுத்தால் ஆசிரியர் ஆகலாம், இல்லையென்றால் வீட்டில் சும்மா இருக்கலாம்." கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

விதைப் பரிசோதனை, திசு வளர்ப்பு, பயிர் நோயியல் எல்லாம் இந்தப் படிப்பை நம்பி நடப்பவைதான். மூலிகை மருந்துக்காக வந்திறங்கும் பொடி அசலா, கலப்படமா? இலைத்துளை, செல் அமைப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். நீதிமன்றத்துக்கும் வேண்டும். அமெரிக்காவில் 1935-இல் நடந்த விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தைக் கடத்தல் வழக்கு விசாரணையில், கடத்தலுக்குப் பயன்பட்ட ஏணியின் ஒரு மரச்சட்டம் குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டுப் பரண் பலகையோடு பொருந்துகிறது என்று மரத்தில் ஆண்டுதோறும் உருவாகும் வளையங்களை வைத்துச் சாட்சி சொன்னார் ஆர்தர் கோலர் என்ற மர நிபுணர். துப்பறியும் கதை தோற்றுவிடும்! 1983-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற பார்பரா மெக்ளின்டாக் முனைவர் பட்டம் வாங்கியதும் தாவரவியலில்தான்.

சரி, செய்தியில் உண்மையே இல்லையா? கொஞ்சம் உண்டு. ஆராய்ச்சி வேலைகள் பலவற்றுக்கு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. முதுநிலையோ முனைவர் பட்டமோ கேட்பார்கள். புள்ளியியலும் மூலக்கூறு ஆய்வகப் பயிற்சியும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். அப்புறம், சில பணிகளுக்கு வேளாண்மைப் பட்டம்தான் தகுதி. அதைச் சேருமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.